திரைக்குப் பின்னால் ஒரகடம்: மூணு நட்டு கார் பிறந்த கதை

தெருவில் ரெனோ க்விட் ஒன்று நின்றால், தயங்காமல் குனிந்து அதன் சக்கரத்தைப் பாருங்கள். வீல் நட்டு எத்தனை? மூன்று! பக்கத்தில் நிற்கும் வேறு கம்பெனியின் சின்னக் காரில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு இருக்கும். அடுத்து முன்கண்ணாடிக்கு வாருங்கள். வைப்பர் ஒன்றே ஒன்றுதான். ஜன்னலை ஏற்றி இறக்கும் பவர் விண்டோ சுவிட்சைத் தேடினால், அது கதவில் இருக்காது. டேஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு நட்டுதானே என்று நினைக்காதீர்கள், கணக்குப் போட்டால் தலை சுற்றும். சக்கரத்துக்கு ஒன்று என்றால் காருக்கு நான்கு. 2021 முடிவதற்குள் இந்தியாவில் மட்டும் 4 லட்சம் க்விட் விற்றிருந்தன. 16 லட்சம் நட்டு! அத்தனையையும் யாரும் வாங்கவில்லை, எண்ணி அடுக்கவில்லை, லைனில் நின்று முறுக்கவில்லை, சரியாக முறுக்கியாயிற்றா என்று டார்க் பார்க்கவும் இல்லை. இவ்வளவும் எப்போதோ ஒரு நாள் ஒரு மேசையில் யாரோ கேட்ட ஒற்றைக் கேள்வியிலிருந்து வந்தது: இந்தக் காரின் எடைக்கு மூன்று போதாதா?

அந்தக் கேள்வி தற்செயலாக எழுந்ததில்லை. அப்படிக் கேட்டே ஆகவேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அந்த ஏற்பாடுதான். மேலாண்மைக்காரர்கள் அதைப் புதுமை மேலாண்மை என்பார்கள். பெயர் கொஞ்சம் வறட்சி. உள்ளே நடப்பதோ அவ்வளவு சுவாரசியம்! வாருங்கள், எட்டிப் பார்ப்போம்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, அதைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே திரும்பினால் பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம். சிப்காட் பலகைகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஹூண்டாய் இங்கே கம்பெனி தொடங்கியது 1996-ல். 1998-ல் முதல் சான்ட்ரோ சாலைக்கு வந்தது. அப்புறம் செயின்ட் கோபைன் கண்ணாடி, அப்பல்லோ டயர், 2012-ல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ராமானுஜர் அவதரித்த ஊரைச் சுற்றி கண்ணாடி, ரப்பர், இரும்பு, சிலிக்கான் எல்லாம் ஒரே நெருக்கத்தில் வேலை நடக்கிறது. ரெனோவும் நிசானும் சேர்ந்து கட்டிய ஒரகடம் ஆலை 2010 மார்ச்சில் திறந்தது. க்விட் பிறந்த வீடு அதுதான்.

விலையிலிருந்து பின்னோக்கி

க்விட்டுக்கு முன்னால் ஒரு தோல்விக் கதை உண்டு. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் ரெனோவுக்குப் பெரும் பேர் வாங்கித் தந்த மலிவு விலைக் கார் லோகன். 2004-ல் ருமேனியாவின் டாசியா ஆலையிலிருந்து வந்தது. அதை 2007-ல் மஹிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். உறுதியான கார், நல்ல இடவசதி. ஆனால் நீளம் 4 மீட்டருக்கு மேல். நம் ஊரில் 4 மீட்டருக்கு உட்பட்ட சின்னக் காருக்குத்தான் வரிச் சலுகை. வேறொரு ஊர் வாடிக்கையாளரை மனத்தில் வைத்து வரைந்த காரை இங்கே வந்து வெட்டி ஒட்டிச் சரிசெய்வது எவ்வளவு சிரமம் என்று அப்போது தெரிந்தது. 2010-ல் அந்தக் கூட்டு முடிந்துபோனது.

அடுத்த முயற்சியில் வரிசையையே தலைகீழாக மாற்றினார்கள். லோகன் வகைக் கார்களுக்குப் பொறுப்பாக இருந்த ஜெரார்ட் டெட்டூர்பே என்ற பிரெஞ்சுக்காரரின் கையில் வேலையைக் கொடுத்து, அவரைச் சென்னையிலேயே உட்காரவைத்தார்கள். ரெனோ, நிசான் இரண்டுக்கும் பொதுவான ஒரு தனிக் குழு. வரைபட வேலை பெரும்பாலும் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ரெனோ நிசான் தொழில்நுட்ப மையத்தில். சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஒரகடம் ஆலை. வரைகிறவரும் செய்கிறவரும் ஒரே வெயிலில்! பாரிசுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வேலை பெரிய அளவில் ஒழிந்தது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வழக்கமாகக் கார் எப்படி விலை பெறும்? இன்ஜினியர்கள் வரைவார்கள், பர்ச்சேஸ்காரர்கள் வாங்குவார்கள், அக்கவுன்ட்ஸ் கூட்டிப் பார்க்கும், லாபம் சேர்த்து விலை போடுவார்கள். இங்கே முதலில் விலையை எழுதினார்கள். மாருதி ஆல்ட்டோ வாங்க நினைக்கும் குடும்பம் எவ்வளவு கொடுக்கும்? அதிலிருந்து வரி, டீலர் கமிஷன், லாபம் எல்லாவற்றையும் கழி. மிச்சம் இருப்பதுதான் காரைச் செய்ய அனுமதிக்கப்பட்ட செலவு. அதை இன்ஜினுக்கு இவ்வளவு, இருக்கைக்கு இவ்வளவு, ஒயரிங்குக்கு இவ்வளவு என்று பிரி. இருக்கைக்குள் ஸ்பிரிங்குக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, ரயிலுக்கு இவ்வளவு என்று இன்னும் பிரி. கடைசியில் வைப்பர் கைக்குக்கூட ஒரு உச்சவரம்பு ரூபாயில் எழுதப்பட்டிருக்கும். டார்கெட் காஸ்ட் என்று ஷாப் ஃப்ளோர் வரை எல்லோருக்கும் பழகிய சொல். 1960-களில் டொயோட்டா வளர்த்தெடுத்த முறை இது.

அந்த உச்சவரம்பை மீறினால் என்ன செய்வது? இன்ஜினியர் திரும்பிப் போய் யோசிக்கவேண்டும். வேறு வழியே இல்லை. நல்ல யோசனைகள் பிறப்பது இந்த நெருக்கடியில்தான். இரண்டு வைப்பரின் செலவுக்கு இடமில்லையா? ஒரே கை முழுக் கண்ணாடியையும் துடைக்குமாறு வடிவமை. இரண்டு கதவுக்கும் தனித்தனிச் சுவிட்ச் வாங்கப் பணமில்லையா? நடுவில் ஒரே இடத்தில் வை, கதவுக்குள் ஓடும் ஒயரும் குறையும். இடப்பக்க ஸ்டியரிங் வைத்த நாட்டுக்குக் காரை அனுப்பும்போது சுவிட்சை இடம் மாற்றவும் தேவையில்லை.

வெறுமனே எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியிருந்தால் இந்தக் கதை இவ்வளவு குதூகலமாக இருந்திருக்காது. வாங்குகிறவர் கண்ணில் படும் இடத்தில் தாராளமாகச் செலவு செய்தார்கள். 7 அங்குல டச் ஸ்கிரீன், டிஜிட்டல் மீட்டர், எஸ்.யு.வி. மாதிரி நிமிர்ந்த முகம், 180 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ். அந்த விலையில் அதற்கு முன் யாரும் டச் ஸ்கிரீன் கொடுத்ததில்லை. 2015 மே மாதம் சென்னையில் காரை உலகுக்குக் காட்டினார்கள். செப்டம்பரில் விற்பனை. ஆரம்ப விலை, டெல்லி ஷோரூமில், 2.57 லட்சம் ரூபாய்! எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பது டார்கெட் காஸ்ட் எழுதிய அந்த இலக்குத் தாளிலேயே முடிவாகியிருந்தது.

மூன்று நட்டு க்விட்டின் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. 2009-ல் வந்த டாடா நானோவிலும் மூன்றுதான், வைப்பரும் ஒன்றுதான். இந்தியச் சின்னக் கார்களுக்கு இந்தச் சிக்கனப் புத்தி ஒரு பரம்பரைச் சொத்து. க்விட் செய்த பெரிய காரியம், அந்தப் புத்தியை ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களுக்கும் பரப்பியதுதான். கிறிஸ்டோஃப் மிட்லர், பெர்னார் ஜூலியன், யானிக் லுங் என்ற மூன்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்தத் திட்டத்தை ஆராய்ந்து 2017-ல் ஒரு புத்தகமே எழுதினார்கள். புதுமை மேலாண்மை படிக்கும் மாணவர்கள் நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் நடந்த வேலையைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

பாடியில் விதைத்தது

காரின் 98 சதவீதம் உள்நாட்டிலேயே வாங்கப்பட்டது என்று ரெனோ பெருமையாகச் சொன்னது. அந்தப் பெருமையில் பாதி நம் வெண்டர்களுக்குச் சேரவேண்டும். விலை எட்டவேண்டுமானால் உதிரிபாகக்காரருடன் உட்கார்ந்து, உன் மெஷினில் எது சுலபம், எந்த மடிப்பை எடுத்தால் ஒரு ஸ்ட்ரோக் குறையும் என்று கேட்டு வரையவேண்டும். அப்படிக் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்களே, அது எப்படி?

அதற்குச் சென்னைக்குள் பாடி வரை போகவேண்டும். 1998-ல் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு டெமிங் பரிசு வாங்கியது. தரத்துக்காக ஜப்பான் 1951 முதல் கொடுத்துவரும் பரிசு. இந்தியாவில் இருந்து அதை வாங்கிய முதல் கம்பெனி இதுதான். பின்னால் 2002-ல் டி.வி.எஸ். மோட்டார், 2003-ல் ரானே பிரேக் லைனிங்ஸ், 2004-ல் லூகாஸ் டி.வி.எஸ். என்று வரிசை நீண்டது. யோஷிகாசு ட்சுடா போன்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் இந்திய உதிரிபாக ஆலைகளுக்குள் இறங்கி, லைன் லைனாக நடந்து, இந்தத் தொட்டியில் ஏன் இவ்வளவு ஸ்கிராப் என்று கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை மேனேஜர்களைப் பழக்கினார்கள். 5எஸ் (பணியிட ஒழுங்கு), கெய்சன் (சிறு சிறு முன்னேற்றம்), போகா-யோகே (தவறே நடக்கவிடாத அமைப்பு) என்ற சொற்கள் அம்பத்தூர், பாடி, திருமுடிவாக்கம் டீக்கடைகளில்கூடப் புழங்கின. ஒரகடத்தில் பெரிய கேட்டுகள் முளைத்தபோது அந்தப் பழக்கம் ஏற்கெனவே இந்த மண்ணில் ஊறியிருந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே வந்ததற்குத் துறைமுகத்தையும் வரிச் சலுகையையும் காரணமாகச் சொல்வோம். இந்த ஊறலையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி.

ஒரு துண்டுச் சீட்டின் பயணம்

சரி, இப்போது லைனுக்குப் பக்கத்தில் போவோம். ஒரு பிரஸ் ஷாப் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஷிப்ட், கம்பெனி பஸ்கள் வந்து நின்றாயிற்று, பத்து நிமிட மார்னிங் மீட்டிங் முடிந்தது. ஐ.டி.ஐ. முடித்துவந்த ஒரு பெண் டிரெய்னி, தகட்டை டையில் வைக்கிறார். தகடு இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது. திருப்பி வைத்துவிட்டால் துளை தப்பான ஓரத்தில் விழும், பீஸ் ஸ்கிராப். அவருக்கு ஒரு யோசனை: டையின் ஓரத்தில் ஒரு சின்ன பின் அடித்துவிட்டால், திருப்பி வைத்த தகடு உட்காரவே உட்காராது!

அருமை. இந்த யோசனை டீ பிரேக்கில் தோழியிடம் சொல்லி மறந்துபோகவும் கூடும். ஏற்பாடு இருக்கும் ஆலையில் அது நடக்காது. கெய்சன் ஷீட் ஒன்று வாங்கி முன்–பின் படம் வரைகிறார். தமிழில் எழுதலாம். லைன் லீடர் கையெழுத்துப் போடுகிறார். வாரக் கூட்டத்தில் ப்ரொடக்‌ஷன், குவாலிட்டி, மெயின்டனன்ஸ், டூல் ரூம் என நான்கு பேர் அதைப் பார்க்கிறார்கள். டூல் ரூம்காரர் பின்னை எங்கே அடித்தால் டை விரிசல் விடாது என்று சொல்கிறார். 4எம் சேஞ்ச் ஃபாரம் நிரப்பப்படுகிறது: ஆள், மெஷின், மெட்டீரியல், மெத்தட் நான்கில் எது மாறுகிறது? ஒரு லாட் ட்ரயல் ஓடுகிறது. சரியாக வந்தால் மெஷின் பக்கத்தில் தொங்கும் ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் திருத்தப்படுகிறது. ஒன் பாயின்ட் லெசன் என்று ஒரே பக்கப் பாடமாக எழுதி அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அதோடு விட்டுவிடுவதில்லை. இதே மாதிரி சிக்கல் இருக்கும் வேறு டைகள் எத்தனை என்று பட்டியல் எடுக்கிறார்கள். ஹரிசான்டல் டிப்ளாய்மென்ட் என்று பெரிய பெயர், பேச்சில் ஹெச்.டி. நோட்டீஸ் போர்டில் அந்தப் பெண்ணின் படம் வருகிறது, பரிசுக் கூப்பன் வருகிறது. ஹெச்.டி. கட்டத்தைப் பற்றி எனக்கு ஆணித்தரமான கருத்து ஒன்று உண்டு: சஜஷன் ஸ்கீம் வைத்திருக்கும் ஆலைகளில் தேறினவற்றையும் பேருக்கு வைத்திருப்பவற்றையும் பிரித்துக் காட்டும் இடம் அதுவே. பெட்டியில் எத்தனை சீட்டு விழுந்தது என்பதை எல்லோரும் எண்ணுவார்கள். ஒரு சீட்டு எத்தனை மெஷினுக்குப் பரவியது என்பதைச் சிலர்தான் எண்ணுகிறார்கள்.

இந்தச் சீட்டுக்கு நெடிய வரலாறு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் வில்லியம் டென்னியின் கப்பல் கட்டும் தளத்தில் 1880-லேயே தொழிலாளர் யோசனைக்குப் பரிசு கொடுத்தார்கள். டொயோட்டாவின் ஆட்கள் அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்த்துவிட்டு வந்து 1951-ல் தங்கள் யோசனைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1962-ல் ஜப்பானில், தொழிலாளர்கள் சிறு குழுவாகக் கூடித் தரச் சிக்கல்களைத் தீர்க்கும் க்யூ.சி. சர்க்கிள் பிறந்தது. 1980-ல் அது ஹைதராபாத்தின் பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ் (பெல்) ஆலை வழியாக இந்தியாவுக்கு வந்தது. இன்று இதற்கெல்லாம் சர்வதேசத் தரநிலையே இருக்கிறது: புதுமை மேலாண்மைக்கு வழிகாட்டும் ஐ.எஸ்.ஓ. 56002 வந்தது 2019-ல், சான்றிதழ் வாங்கத்தக்க ஐ.எஸ்.ஓ. 56001 வந்தது 2024-ல். யோசனை எங்கிருந்து வரும், யார் பார்ப்பார், எப்போது நிறுத்துவது, தோற்றதிலிருந்து கற்றதை எங்கே எழுதுவது எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு கேட்கிறது அது.

பலன் உண்டா? மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்புடன் சேர்ந்து 2021–22-க்கு ஓர் உற்பத்திப் புதுமைக் கணக்கெடுப்பு நடத்தி 2023-ல் வெளியிட்டது. நாடு முழுக்க ஏறத்தாழ நான்கில் ஒரு கம்பெனிதான் புதுமை செய்த கம்பெனியாகத் தேறியது. தமிழ்நாட்டில் அது சுமார் 32 சதவீதம். தெலுங்கானா, கர்நாடகாவுக்கு அடுத்து நாம். புதுமை செய்தவற்றில் பெரும்பாலானவை சந்தை விரிந்தது, செலவு குறைந்தது என்று சொல்லியிருக்கின்றன.

ஆனால் ஒழுங்கு சில இடங்களில் கதவாகவும் சில இடங்களில் சுவராகவும் நிற்கிறது. உதிரிபாகக் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பி.பி.ஏ.பி. என்ற பாக அங்கீகார நடைமுறை. கார் கம்பெனி ஒரு பாகத்தை அங்கீகரித்த பிறகு, அதன் வடிவத்தையோ செய்முறையையோ மெட்டீரியலையோ தொட்டால் மறுபடி முழு அங்கீகாரம் வாங்கவேண்டும். அளவு ரிப்போர்ட், சோதனை ரிப்போர்ட், ட்ரயல் லாட், கையெழுத்துகள். இந்தக் கண்டிப்பு அவசியம், பிரேக் பாகத்தில் யாரும் தன்னிச்சையாகக் கைவைக்கக் கூடாது. ஆனால் விளைவைப் பாருங்கள். நம் வெண்டர்களின் கெய்சன்கள் டிரே, ட்ராலி, ஜிக், பின் என்று பாகத்தைச் சுற்றியே நிற்கின்றன. பாகத்துக்குள் போவது அபூர்வம். க்விட் மாதிரி ஒரு திட்டம், வரைபடம் உறைவதற்கு முன்பே வெண்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்தது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரியும். அந்த நேரத்தில் கேட்டால் பின் அடிக்கவேண்டாம். தகட்டையே திருப்பி வைக்க முடியாத வடிவத்தில் வரைந்துவிடலாம்!

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தப் பகுதியில் லைனில் நிற்பவர்களில் கணிசமானோர் டிரெய்னிகள், அப்ரண்டிஸ்கள், கான்ட்ராக்ட் ஆட்கள். மெஷினின் குணம் கை பழகி, யோசனை வரத் தொடங்கும் நேரத்தில் பலருக்குப் பயிற்சிக் காலம் முடிந்துவிடுகிறது. அந்தப் பின்னை யோசித்த பெண் அடுத்த வருஷம் வேறு கேட்டில், வேறு சீருடையில், முதல் பாடத்திலிருந்து தொடங்குகிறார். ஜப்பானில் இந்த முறைகள் வேர் பிடித்தது நீண்ட காலம் ஒரே ஆலையில் இருந்த தொழிலாளர் நடுவில். கருவியைக் கொண்டுவந்த நாம் அந்த நிலைத்த வேலையையும் கொண்டுவரவேண்டும். அனுபவம் நிலைக்காமல் எந்த ஃபாரமும் முழுப் பலன் தராது.

எழுதாமல் விட்டது

க்விட்டுக்குத் திரும்புவோம், அதன் வலிக்கும் பக்கத்துக்கு. 2016 மே மாதம் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்தது. க்விட்டுக்குப் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். ஏர்பேக் வைத்த ரகத்துக்கும் பூஜ்யம்தான். பயணிகள் அமரும் கூடே நிலைகுலைந்தது என்றார்கள். மாற்றங்கள் செய்து அதே வருஷம் செப்டம்பரில் மறுபடி சோதித்தபோது ஒரு நட்சத்திரம் வந்தது.

அடுத்த வருஷம் பிரேசிலில் நடந்தது இதைவிடப் பெரிய பாடம். அங்கே குரிடிபா ஆலையில் செய்த க்விட்டில் நான்கு ஏர்பேக் எல்லா ரகத்திலும், உடல் கூடு பலப்படுத்தப்பட்டது, எடையும் கூடியது. லத்தீன் என்கேப் மூன்று நட்சத்திரம் கொடுத்தது. பெயர் ஒன்று, அடித்தளம் ஒன்று. ஆனால் அங்கே இலக்குத் தாளில் பாதுகாப்பு ஒரு வரியாக ஏறியிருந்தது. ஒரு நட்டின் காசைக்கூட விடாமல் துரத்திப் பிடிக்கும் ஏற்பாடு, அந்த வரி இருந்திருந்தால் அதையும் அதே வெறியோடு பிடித்திருக்கும். இந்த முறையின் பலம் இது, ஆபத்தும் இதுவே. தாளில் இருப்பதை அது கச்சிதமாகக் கொடுக்கும். தாளில் இல்லாததற்கு அங்கே வாதாட ஆளில்லை.

நல்ல வேளை, நாடு அந்த வரியை எழுதியது. புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபர் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபர் முதலும் மோதல் சோதனை கட்டாயமானது. 2023-ல் பாரத் என்கேப் வந்தது. இதில் எனக்குச் சிலிர்ப்பூட்டும் ஒரு விஷயம்: கார்களைப் பரிசோதிக்கும் அரசின் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் இருப்பதும் அதே ஒரகடத்தில்தான்! செலவைக் குறைக்க ஓர் ஆலை மூளையைக் கசக்குகிறது. பக்கத்திலேயே இன்னொரு கூடத்தில் சென்சார் பொருத்திய டம்மி மனிதர்கள், மோதலில் மார்பும் கழுத்தும் என்ன ஆகின்றன என்று அளந்து சொல்லக் காத்திருக்கிறார்கள்.

முடிவு எடுக்கும் மேசை எங்கே இருக்கிறது என்பதும் பெரிய விஷயம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலையை நினைத்துப் பாருங்கள். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். கோடிக்கணக்கான போன்கள் அந்த லைன்களில் இருந்து உலகம் முழுக்கப் போயின. ஆனால் அடுத்த போன் எப்படி இருக்கவேண்டும் என்ற கேள்வி அந்த வளாகத்தில் கேட்கப்படவில்லை, அது ஃபின்லாந்தில் இருந்தது. டச் ஸ்கிரீன் காலம் வந்தது, சாதாரண போன் சந்தை சுருங்கியது, நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சொத்து முடங்கியதால் அந்த விற்பனையிலும் ஆலை சேரவில்லை. 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். நம் பெண்களின் கைவேகத்திலோ ஒழுங்கிலோ குறை ஒன்றுமில்லை. நாளைய பொருளை யோசிக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இருக்கவில்லை.

அதனால்தான் சமீபத்திய செய்திகளைப் படித்துக் குதிக்கிறேன். நிசான் வசம் இருந்த 51 சதவீதப் பங்கை வாங்கி ஒரகடம் ஆலையை முழுவதும் தன் கைக்குக் கொண்டுவருவதாக ரெனோ 2025 மார்ச்சில் அறிவித்தது, சில மாதங்களில் முடித்தும் விட்டது. அதே வருஷம் ஏப்ரலில் சென்னையில் ஒரு டிசைன் சென்டரையும் திறந்தது. பிரான்சுக்கு வெளியே ரெனோவுக்கு இருக்கும் டிசைன் மையங்களில் இதுதான் பெரியது! களிமண் மாதிரியிலும் கணினித் திரையிலும் அடுத்த கார்களின் முகம் இங்கே உருவாகிறது. வரைகிறவர், விலை போடுகிறவர், பிரஸ் ஷாப்பில் தகடு வைக்கிறவர், மோதிப் பார்க்கிறவர் எல்லோரும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள். அடுத்த காரின் இலக்குத் தாளில் முதல் வரியாக எதை எழுதுவது என்று இந்த நான்கு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்கிறார்களா? அந்தக் கூட்டத்தைத்தான் அடுத்து எட்டிப் பார்க்க ஆசைப்படுகிறேன், கதவு ஓரமாக நிற்க இடம் கொடுத்தால் போதும்.